இருபத்தாறு பேர் பாடுன நாலு வரி

நவம்பர் 3, ஞாயிறு

உமையாள் மேடம் பாளையங்கோட்டைக்கு வாராங்க. சீ. உமையாள். ஒம்பது சிறுகதைத் தொகுப்பு, ரெண்டு நாவல், ஒரு பேட்டிக்கும் சிரிக்காத மூஞ்சி. நான் பதினஞ்சு வயசுலேருந்து அவங்க பேர்ல ரசிகர் பேஜ் நடத்துதேன், இப்ப பதினோராயிரம் ஃபாலோயர்ஸ். அவங்களை நேர்ல பாக்கப் போறேன். இந்த வரியையே நாலு தடவை தப்பா டைப் பண்ணிட்டேன்.

நடந்தது இதுதான். எங்க பாட்டுக் குழுவுக்கு 'ஞாயிறு நாலு மணி'ன்னு பேரு. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ஒரு ஸ்கூல் ஹால்ல கூடுறதால வந்த பேரு, வேற யோசிக்க யாருக்கும் நேரமில்ல. சர்ச்சுல பாடுறவங்க, கோயில்ல பாடுறவங்க, குளிக்கும்போது மட்டும் பாடுறவங்க எல்லாம் சேத்து இருபத்தாறு பேர். நடத்துறது ஹெப்சிபா அக்கா, பிசியோதெரபிஸ்ட். எனக்கு மியூசிக் நோட்ஸ் வாசிக்கத் தெரியாது. பொம்பளைங்க பாடுற கீழ்க்குரல் இருக்கும்லா, ஆல்டோ, அதை யூடியூப்ல கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டேன்.

இன்னைக்கு பிராக்டிஸுக்கு நூலக வாசகர் வட்டத்து செயலாளர் சங்கரபாண்டியன் சார் வந்தாரு. டிசம்பர் 8, மேடத்துக்குப் பாராட்டு விழா. நாங்க கூட்டத்துல வாசகர் மாதிரி அங்கங்க உக்காந்திருக்கணும். கடைசில ஒவ்வொருத்தரா எந்திரிச்சு மேடம் எழுதுனதையே பாடணும். மேடத்துக்குத் தெரியவே கூடாது, சர்ப்ரைஸ்.

கதையை எப்படிப் பாடன்னு எல்லாரும் முழிச்சப்போ, நெட்ல ஒரு கவிதை கெடச்சிருக்குன்னு ஹெப்சி அக்கா போனைப் பாத்து வாசிச்சாங்க.

கதவைச் சாத்திவிட்டுப் போ.
தாழிட மாட்டேன்.
காற்று வந்து திறக்கும்.
நீதானென்று ஒரு நொடி எழுந்து நிற்பேன்.

 என் பக்கத்து ஆல்டோ ராபியா கண்ணைத் துடைச்சா. அவ நர்ஸ், ஐசியூல வேலை, லேசுல அழ மாட்டா. நீதான் அவங்க ரசிகையாச்சே, உனக்கு இது தெரிஞ்சிருக்குமேன்னு ஹெப்சி அக்கா கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டுனேன்.

 

நவம்பர் 5, செவ்வாய்

அந்த நாலு வரியைத் தேடிப் பாத்தேன். ஸ்க்ரோல் பண்ணப் பண்ண வருது. கோயம்புத்தூர்ல ஒருத்தன் முதுகுல பச்சையே குத்திருக்கான், கீழ சின்னதா 'சீ. உமையாள்'னு பேரோட. அது இனி அழியாது.

நவம்பர் 10, ஞாயிறு

பிராக்டிஸ். டியூன் ஹெப்சி அக்காவே போட்டுட்டாங்க, சூப்பரா இருக்கு, அதான் பிரச்சனை.

நான் லேசா ஆரம்பிச்சேன். அக்கா, உமையாள் மேடம் கவிதையே எழுதுனதில்லைன்னு ஒரு பேட்டில படிச்ச ஞாபகம்னு சொன்னேன். அப்போ இது என்னன்னு கேட்டாங்க. ஒருவேளை இது ஒண்ணு மட்டும் எழுதிருப்பாங்களோ என்னமோன்னுட்டேன். அப்படின்னா இன்னும் விசேஷம்லான்னு சுடலைமுத்து அண்ணாச்சி குதிச்சாரு. இ.பி.ல லைன்மேன், எங்க குழுவுக்கே அடித்தொண்டை பேஸ் குரல் அவருதான். ஆயுசுக்கு ஒரே ஒரு கவிதை எழுதுன அம்மாவாம். எல்லாரும் அதையே சொல்லிச் சொல்லி உருகிட்டாங்க. நான் வாயைத் தெறந்து நிலைமையை இன்னும் மோசமாக்கிட்டேன்.

கடைசி வரில 'எழுந்து நிற்பேன்'ங்கிறதை அக்கா மேல தூக்கி உச்சத்துல நிறுத்திருக்காங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அங்க மெதுவாத்தான் பாடணும்னு சொன்னேன். ஏன்னு கேட்டாங்க. அது சத்தம் வராம எந்திரிக்கிறது அக்கான்னேன். எல்லாரும் என்னையே பாத்தாங்க. ரசிகைன்னா இப்படித்தான் ஆராய்ச்சி பண்ணுவான்னு ராபியா காப்பாத்திட்டா.

நவம்பர் 14, வியாழன்

ஹெப்சி அக்காவுக்கு மெசேஜ் டைப் பண்ணேன், அழிச்சேன். 'டைப்பிங்'னு காட்டுனதைப் பாத்து அவங்களே என்னட்டின்னு கேட்டாங்க. ஞாயித்துக்கிழமை என்ன கலர் சுடிதாருன்னு கேட்டு வச்சேன்.

நவம்பர் 17, ஞாயிறு

விழாவுக்கு ஆளுக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரலாமாம், கைதட்ட. உங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வான்னு ராபியா சொன்னா. அப்பா திருப்பூர்ல வேலை பாக்குறாங்க, லீவு கெடைக்காதுன்னேன். அம்மாவுக்கும் ஹாஸ்டல்ல சமையல் வேலை, ஞாயித்துக்கிழமைதான் பிரியாணி, வர முடியாது.

திருப்பூர்ல எந்தக் கம்பெனின்னு கேட்டா. பனியன் கம்பெனின்னு சொன்னேன். திருப்பூர்ல வேற என்ன இருக்கு.

நவம்பர் 20, புதன்

சரி. இது நோட்ஸ் ஆப், லாக் போட்டிருக்கு, எழுதிட்டாத்தான் என்ன.

நான்தான் எழுதுனேன்.

பிளஸ் டூ பரீட்சை லீவு. பேஜ்ல அப்போ இருநூத்தம்பது பேர்தான். என் பேர்ல கவிதை போட்டுப் பாத்திருக்கேன், மூணு லைக் வரும், அதுல ஒண்ணு நான், ஒண்ணு அம்மா. அம்மா நான் எதைப் போட்டாலும் படிக்காமலே ஹார்ட் போடுவாங்க. ஒரு நாள் இந்த நாலு வரியை எழுதுனேன். உமையாள் மேடத்தோட கறுப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு இருக்கும்லா, சன்னல் பக்கம் திரும்பி இருக்கிறது. அதுக்கு மேல வச்சு, கீழ அவங்க பேரைப் போட்டு விட்டுட்டேன். மறுநாள் காலைல நாலாயிரம் ஷேர். எனக்குப் பைத்தியம் பிடிச்ச மாதிரி சந்தோசம். எடுத்துரணும் எடுத்துரணும்னு நெனச்சேன். சாயங்காலம் பாத்தா பதினெட்டாயிரம். எங்கேருந்து எடுக்க, ஊரே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கு.

மத்த கவிதையெல்லாம் என் பேர்ல போட்டவ இதை மட்டும் ஏன் அவங்க பேர்ல போட்டேன்னு கேட்டா, லைக்குக்குத்தான். வேற ஒண்ணுமில்ல.

நவம்பர் 28, வியாழன்

இன்னைக்கு நடந்ததுக்குச் சிரிக்கவா அழவா தெரியலை. நான் வேலை பாக்குற ஃபிளெக்ஸ் கடைக்கே விழா மேடையோட ஆர்டர் வந்திருக்கு. பன்னெண்டடிக்கு எட்டடி. மேடம் படம், விழா பேரு, கீழ பெரிய எழுத்துல 'அவரது புகழ்பெற்ற வரிகள்'னு அதே நாலு வரி. சங்கரபாண்டியன் சார் கையால எழுதிக் குடுத்த தாளு.

நான் டிசைன் பண்ணி முடிச்சேன், வரியை மட்டும் விட்டுட்டேன். எடம் பத்தலை, கண்ணுக்கு நெருக்கடியா இருக்கும்னு சொல்லிப் பாத்தேன். ஓனர் அண்ணாச்சி மானிட்டர் பக்கம் குனிஞ்சு பாத்துட்டு, பன்னெண்டடில நாலு வரிக்கு எடமில்லைன்னா நீ என்ன டிசைனர், கல்யாண ஃபிளெக்ஸ்ல நாப்பது மாமன் மூஞ்சியை வைக்கலையான்னு கேட்டாரு. பாயிண்ட்தான்.

ரெண்டாவது தடவையா அந்த நாலு வரியை டைப் பண்ணி, ரெண்டாவது தடவையா கீழ அவங்க பேரைப் போட்டேன். இந்தத் தடவை எழுத்தோட உயரமே அரை அடி.

டிசம்பர் 1, ஞாயிறு

மழை. ஹாலுக்குள்ள தண்ணி. மேடைல ஏறி நின்னு பாடுனோம். சொல்லிரலாம்னுதான் போனேன். சுடலைமுத்து அண்ணாச்சி இந்தப் பாட்டுக்காக ரெண்டு வாரமா ஐஸ்கிரீமை விட்டுட்டேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டிருந்தாரு. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு எப்படிச் சொல்ல.

டிசம்பர் 4, புதன்

சாப்பிட முடியலை. கனவுல மேடம் மைக்கைப் பிடிச்சு 'இதை எழுதுனது யாரு'ன்னு கேக்குறாங்க. இருபத்தஞ்சு பேரும் ஆல்டோ வரிசையைத் திரும்பிப் பாக்குறாங்க.

டிசம்பர் 7, சனி

சொல்லிட்டேன்.

ஹெப்சி அக்கா கிளினிக்குக்கே போயிட்டேன். ஒரு பெரியவரை குப்புறப் படுக்க வச்சு முதுகை அமுக்கிட்டிருந்தாங்க. வெளிய நில்லுன்னாங்க. நின்னா போயிருவேன்னு தெரியும், அதனால அங்கயே எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னேன். நடுவுல பெரியவரு 'ஆ'ன்னாரு. அக்கா கை அழுத்திட்டு.

 பெரியவரு போனப்புறம்தான் அக்கா என் பக்கம் திரும்புனாங்க.

"ஏட்டி, இருபத்தாறு பேரு. அஞ்சு வாரம். நாளைக்கு விழா, இன்னைக்கு வந்து சொல்லுத."

அழுதேன். அழாதன்னு சொல்லலை, டிஷ்யூ குடுக்கலை, கையைக் கழுவிட்டு வந்தாங்க. வேற பாட்டு படிக்க நேரமில்ல, பாடாம இருக்கவும் முடியாது, ஃபிளெக்ஸ் வேற கட்டியாச்சு. ஒரே வழிதான்னாங்க.

"நாளைக்கு அந்தம்மா இது என்னோடது இல்லைன்னு சொல்லுவாங்க. சொன்ன உடனே நீ எந்திரிச்சு, நான்தான் எழுதுனேன்னு சொல்லணும். எங்க மானத்தை நீதான் காப்பாத்தணும். சொல்லுவியா?"

சொல்லுவேன்னேன். சத்தியம் பண்ணச் சொல்லலை. அதுதான் கஷ்டமா இருக்கு.

வாசல் வரைக்கும் வந்து, ஒண்ணு கேக்கணும்னாங்க. எதை நெனச்சு எழுதுனன்னு. சும்மா எழுதுனேன் அக்கான்னு சொல்லிட்டு பஸ்ஸைப் பிடிச்சிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு, காலை

வீட்டுல எப்படி எந்திரிச்சு எப்படிச் சொல்லன்னு பேசிப் பாத்தேன். 'மேடம், என்னை மன்னிச்சிருங்க, அதை எழுதுனது நான்.' சரியா ஏழு செகண்ட் வருது. அதுக்குள்ள செத்துர மாட்டேன்.

டிசம்பர் 8, ராத்திரி

ஆரம்பத்துலேருந்து எழுதுதேன், இல்லைன்னா எனக்கே நம்பிக்கை வராது.

லைப்ரரி மாடி ஹால் நிறைஞ்சிட்டு. மேடம் நெசமாவே குள்ளம், போட்டோல தெரியாது. என் ஃபிளெக்ஸுக்கு முன்னாடி, சரியா அந்த நாலு வரிக்குக் கீழ அவங்க நாற்காலி. உக்காருறதுக்கு முன்னாடி திரும்பி அதை வாசிச்சாங்க. முழுசா வாசிச்சாங்க. எனக்குத் தெரியும், நான் வேற எங்கயும் பாக்கலை. மூஞ்சில ஒண்ணுமே தெரியலை.

ஏழு பேர் பாராட்டிப் பேசுனாங்க. மூணு பேர் அந்த நாலு வரியைச் சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் மேடம் தண்ணி குடிச்சாங்க.

நன்றியுரைக்கு முன்னாடி, திட்டப்படி, சுடலைமுத்து அண்ணாச்சி எந்திரிச்சு 'ம்ம்ம்'னு ஆரம்பிச்சாரு. இலக்கியக் கூட்டத்துல கடைசில ஒரு ஆளு எந்திரிச்சா சண்டைக்குத்தான்னு ஊருக்கே தெரியும். ஒரு வாலண்டியர் ஓடி வந்து, அண்ணாச்சி கேள்வி நேரம் முடிஞ்சிட்டு, உக்காருங்கன்னு சட்டையைப் பிடிச்சு இழுக்கான். அண்ணாச்சி அவனைப் பாத்துக்கிட்டே பாடுதாரு. அப்புறம் பின்னாடி ரெண்டு பேர். சன்னல் பக்கம் நாலு பேர். ராபியா. நான். கடைசில இருபத்தாறு பேரும் நின்னோம்.

'எழுந்து நிற்பேன்'ல ஹெப்சி அக்கா கையைக் கீழ எறக்குனாங்க. எல்லாரும் மெதுவாக்குனோம். நேத்து வரைக்கும் அங்க உச்சம்தான். எனக்காக மாத்திட்டாங்க.

கைதட்டு ஓயவே இல்ல. மேடம் அழுதாங்க. சிரிக்கவே சிரிக்காதவங்க அழுதாங்க. மைக்கைக் கையில குடுத்தாங்க. காலைல பேசிப் பாத்த வரி வாயில தயாரா இருந்துச்சு. ஹெப்சி அக்கா என்னைப் பாத்தாங்க.

மேடம் திரும்பி ஃபிளெக்ஸை இன்னொரு தடவை பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க.

"இதை எழுதும்போது எனக்கு முப்பது வயசு. காரைக்குடியில எங்க வீட்டுக்குப் பெரிய தேக்குக் கதவு. அவர் துபாய் கிளம்பின அன்னிக்கு ராத்திரி எழுதினது."

மறுபடியும் கைதட்டு.

நான் நின்ன எடத்துல நின்னேன். முதல்ல நிம்மதி. அப்பாடா, தப்பிச்சாச்சு, யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஒரு பத்து செகண்ட் இருந்திருக்கும். அப்புறம் உள்ளேருந்து ஏதோ கொதிச்சு வருது. தேக்குக் கதவா? அது தகரம். அடில துருப்பிடிச்சு ஓட்டை, மழை வந்தா சாக்கைச் சுருட்டி வைக்கணும். துபாயும் இல்ல ஒரு மண்ணும் இல்ல.

புத்தகத்துல கையெழுத்து வாங்க வரிசைல நின்னேன். ஹெப்சி அக்கா தூரத்துலேருந்து, வேண்டாம் விட்டுருங்கிற மாதிரி தலையாட்டுனாங்க. என் முறை வந்துச்சு. பேர் கேட்டாங்க, இசக்கின்னேன். எழுதிட்டிருக்கும்போது கேட்டேன்.

"மேடம், அந்தத் தேக்குக் கதவு இன்னும் இருக்கா?"

பேனா நின்னுட்டு. நிமிந்து பாத்தாங்க. அவங்க கண்ணுல ஒரு பயம். என் போன்ல எத்தனையோ வருசமா வால்பேப்பரா இருந்த கண்ணு.

"நீ எழுதுவியாம்மா?"

பின்னால நாப்பது பேர். அந்த ஏழு செகண்டும் என் கையில இருந்துச்சு.

"இல்ல மேடம்"னேன்.

மூச்சை விட்டாங்க. 'இசக்கிக்கு, அன்புடன்'னு எழுதிக் குடுத்தாங்க.

டிசம்பர் 9, திங்கள்

இல்ல மேடம் இல்ல மேடம் இல்ல மேடம். கடைல ஒரு காதுகுத்து ஃபிளெக்ஸ்ல குழந்தை பேரைத் தப்பா அடிச்சேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல, யோசிக்காம பண்ணிட்டேன். பேஜ்ல அந்தப் பழைய போஸ்ட்டுக்குப் போயி எடிட் அமுக்கி, 'இது சீ. உமையாள் எழுதியதல்ல. அன்று பொய்யாக அவர் பெயரைப் போட்டேன். எழுதியது நான், இசக்கி'ன்னு போட்டேன். என் பேரை அங்க பாக்கப் பாக்க யாரோ மாதிரி இருந்துச்சு.

பதினஞ்சு நிமிசம். 'திருடி'ன்னு முதல் கமெண்ட். அப்புறம் வரிசையா. ரசிகர் பேஜ் நடத்தி, கடைசில கவிதையையே ஆட்டையப் போட்டுட்டாளாம். யாரோ ஞாயித்துக்கிழமை வீடியோவைப் போட்டிருக்காங்க. மேடம் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு தேக்குக் கதவைப் பத்திச் சொல்லுற வீடியோ. அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும். பச்சை குத்துனவனும் வந்து திட்டிருக்கான், அவன் திட்டுனதுதான் நியாயமான திட்டு.

ஹெப்சி அக்கா 'இது எங்க ஆல்டோ இசக்கி எழுதினது, எனக்குத் தெரியும்'னு போட்டிருந்தாங்க. அதுக்குக் கீழ எண்பது பேர் சிரிச்சு வச்சிருக்காங்க.

சங்கரபாண்டியன் சார் போன் பண்ணி, பெரியவங்களை இப்படி அவமானப்படுத்தலாமா, உடனே எடுன்னாரு. மேடம் ஒண்ணும் போடலை. போஸ்ட்டை அவங்க பாத்தாங்கன்னு மட்டும் தெரியும், ஏன்னா சாயங்காலத்துலேருந்து என்னை பிளாக் பண்ணிருக்காங்க.

எடுக்கலை. இதை எழுதி முடிச்ச உடனே போனை அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிரப் போறேன்.

டிசம்பர் 11, புதன்

வேலைக்குப் போகலை. மூணு மணிக்கு அம்மா ஹாஸ்டல்லேருந்து வந்தாங்க. கைல அவங்க போன். ஹாஸ்டல் பிள்ளைங்க காட்டிருக்கு, உங்க பொண்ணை எல்லாரும் திட்டுதாங்கன்னு.

கதை முழுக்கச் சொன்னேன். எடுத்துருதேம்மா, ஒப்புக்கு ஒரு மன்னிப்பு கேட்டுட்டா முடிஞ்சிரும்னேன். அம்மா காதுலயே வாங்கலை. கதவுக்கு எதுத்தாப்புல தரையில உக்காந்து, அந்த நாலு வரியை வெரலால பெருசாக்கிப் பெருசாக்கி வாசிச்சாங்க.

"இதை அப்பவே பாத்தேன் நானு. ஆரோ ஒரு காரைக்குடிக்காரி எழுதுனதுன்னுல்லா நெனச்சேன். அவளுக்கும் நம்மள மாதிரி போலிருக்குன்னு ஒரு ஆறுதலா இருந்துச்சு. எத்தனை நாள் எடுத்து எடுத்துப் படிச்சிருக்கேன்."

 அம்மா படிக்காமலே ஹார்ட் போடுவாங்கன்னுதான் இத்தனை வருசமா நெனச்சிருந்தேன். நான் எழுதுனதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் என் பேரைப் போடலைன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்ல.

"எந்திரிச்சது நீயா?"ன்னு கேட்டாங்க.

இல்லைன்னு தலையாட்டுனேன்.

"நீ தூங்குதன்னுல்லா நெனச்சேன்"னாங்க. "கண்ணை மூடிட்டு இதெல்லாம் பாத்துட்டா கெடந்த."

அப்பா திருப்பூருக்குன்னு போயி திரும்பி வராததுக்கப்புறம் அவரைப் பத்தி நாங்க பேசுனதே இல்ல. ஏழு வருசம். இன்னைக்கும் அவரு பேரைச் சொல்லலை. ஆனா பேசிட்டுத்தான் இருந்தோம்.

எடுக்கவான்னு மறுபடி கேட்டேன். அம்மா எந்திரிச்சு முடியை அள்ளி முடிஞ்சாங்க. எத்தனை பேர் பாத்திருக்காங்கன்னு கேட்டாங்க. எடிட் பண்ணப்புறம் நேத்து ராத்திரிக்குள்ள மட்டும் இருபத்திநாலாயிரம்னேன். இருந்துட்டுப் போட்டும்னாங்க. ஆனா ஒரு எடம் தப்பா எழுதிருக்கன்னாங்க.

"தாழ் போடலைங்கது சரி. காத்துங்கதும் சரி. அதென்ன ஒரு நொடின்னு போட்டிருக்க? ஒரு நொடியாட்டி நின்னேன்?"

அரிசிப் பானையிலேருந்து போனை எடுத்தேன். கமெண்டை வாசிக்கலை. ஹெப்சி அக்காவுக்கு மட்டும் மெசேஜ் போட்டேன், கடைசி வரி மாறுது, டியூனை நீட்டணும்னு. எவ்வளவு நீட்டணும்னு கேக்குறாங்க.

அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லிருக்கேன்.